பேசாத கருவியும் பிழையாகப் பேசும் கருவியும்

மந்தைவெளியில் வாழும் நமக்குக் கடல் கூப்பிடு தூரம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடி நிலம் நடுங்கியபோது நம் கடிகாரத்தில் காலை 6 மணி 28 நிமிடம். பேரலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. பட்டினப்பாக்கத்திலும் வேளாங்கண்ணியிலும் கரையோரம் இருந்தவர்கள் விலகிச் செல்ல அந்நேரம் போதும். ஆனால் சொல்வார் இல்லை.

அக்குறையை நீக்க 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தோன்றியது. நம் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலில் மிதவைகளை நிறுவியது. ஆழ்கடல் தரையில் கிடக்கும் கருவி, நீரின் அழுத்தத்தை அளந்து ஒலியலை மூலம் மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும். கம்பியே இல்லாத காவல் வலை இது!

காவற்காரனே உறங்கிவிட்டால் என்ன செய்வது? மின்கலம் தீரும்; உப்பு அரிக்கும்; மிதவையைச் சுற்றி மீன் கூடுவதால் படகுகளை அதில் கட்டுவாரும் உண்டு. இந்தோனேசியாவின் மிதவைகள் 2012 முதல் செயலற்றிருந்தன. 2018 செப்டம்பரில் பாலு நகரில் பேரலை புகுந்தபோதும் அவை மௌனமாகவே இருந்தன. அங்கு அலை சில நிமிடங்களில் வந்துவிட்டதால், அவை இயங்கியிருந்தாலும் பெரிதும் உதவியிரா எனலாம். ஆயினும் ஆறாண்டு மௌனத்தை நியாயப்படுத்த முடியுமா?

பேசாத கருவியைக் கண்டுபிடிப்பது எளிது. பிழையாகப் பேசும் கருவியே ஆபத்தானது. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அல்லது தாறுமாறாகச் சொல்லும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. அண்டைக் கருவிகள் சொல்வதோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் பெரும்பான்மை சொல்வதே உண்மையா? அன்று. நடுக்கத்திற்கு மிக அருகிலுள்ள கருவியே அலையை முதலில் உணரும். அந்நேரத்தில் அது தனித்தே நிற்கும். 4000 மீட்டர் ஆழத்தில் பேரலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆகவே அலை செல்லும் வழியில் 350 கிலோமீட்டர் தள்ளியுள்ள கருவி அரை மணி கழித்தே அதையே சொல்ல வேண்டும். நிலநடுக்கமானிகளின் சாட்சியும் உண்டு. இவற்றைப் பாராமல் தனிக் குரலைப் பழுதென்று தள்ளுவது பெருந்தவறு.

நம் கருத்து இதுதான். கருவியை நிறுவும் நாளில் குத்துவிளக்கும் சொற்பொழிவும் உண்டு; ஆண்டுதோறும் கடலில் சென்று அதைச் சோதிப்பவருக்கு மாலை இல்லை. கருவி வாங்கும்போதே அதைப் பராமரிக்கும் பணத்தையும் ஒதுக்குதல் வேண்டும். தினமும் பேசும் மகள் ஒரு மாலை பேசாதிருந்தால் தாய் உடனே விசாரிப்பாள் அல்லவா? கருவிகளுக்கும் அத்தகைய தாய் தேவை.

கடல் இருக்கட்டும். பள்ளிச் சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நாளைக் காலையே பார்ப்போமாக.