செதுக்குக் கண்ணாடியும் கலையின் ஆயுளும்

ஒரு கலையின் ஆயுளை நிர்ணயிப்பது யாது? புரவலரின் செல்வமா, அன்றிக் கற்போரின் தொகையா? யப்பானியர் நீரும் மதுவும் அருந்தப் பயன்படுத்தும் செதுக்குக் கண்ணாடிக் கிண்ணங்களின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்க விடை பகர்கின்றது. அக்கிண்ணங்களின் ஒளியை வியப்போர் பலர். அவ்வொளி எங்ஙனம் அணையாது நின்றது என எண்ணுவோர் சிலரே.

முதற்கண் தொழின்முறையைச் சிறிது நோக்குவாம். நிறமற்ற கண்ணாடியின்மேல் நீலம், சிவப்பு முதலிய வண்ணக் கண்ணாடி போர்வைபோல் அமைந்த கிண்ணமே வினைஞர் கையிற் சேர்வது. அதன்மீது அளவுக்கோடுகள் மாத்திரம் இடப்படும். கோலம் முழுவதும் வரையப்படுவதில்லை. எஞ்சியது கண்ணையும் கையையும் பொறுத்தது. சுழலும் சாணைச் சக்கரத்தின்மீது கிண்ணத்தை அழுத்தி, அதன் உட்புறத்தினூடே நோக்கியவாறு வினைஞர் செதுக்குவர். முதலிற் பரும்படியாகவும், பின்னர் நுண்மையாகவும் வெட்டி, ஈற்றில் மெருகிடுவர். மீன்முட்டை, சணலிலை, செவ்வந்தி, மூங்கில்வேலி, கூடைப்பின்னல் என்பன அவர்தம் மரபுக் கோலங்கள். ஆழம் சற்றுப் பிழைப்பினும் கோடுகள் ஒன்றையொன்று சந்திக்கமாட்டா. வெட்டிய கண்ணாடியை மீண்டும் ஒட்டுதல் இயலாது.

இக்கலை இரண்டு இடங்களில் வளர்ந்தது. இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரில், 1834ஆம் ஆண்டில், ககாயா கியூபே என்னும் கண்ணாடி வணிகர் குருந்தப்பொடி கொண்டு கண்ணாடியிற் கோலம் செதுக்கினார் என்பர். தெற்கே சற்சுமா நாட்டிலோ, 1846இல் சிமாசு நரியோக்கி என்னும் சிற்றரசர் கண்ணாடித் தொழிலைத் தொடங்க, அவர் மைந்தர் நரியாக்கிரா அதனைப் பெருஞ்சிறப்புக்கு உயர்த்தினார். தடித்த வண்ணப் போர்வையைச் சரிவாகச் செதுக்கி, நிறம் படிப்படியாக வெளிறித் தோன்றச் செய்வது சற்சுமாவின் தனிச்சிறப்பு.

எனினும், 1858இல் நரியாக்கிரா மறைந்தார், தொழில் சுருங்கிற்று. 1863இல் ஆங்கிலக் கப்பற்படை ககோசிமாவைப் பீரங்கியால் தாக்கியபோது தொழிற்சாலையும் அழிந்தது. சில ஆண்டுகளிற் கலையும் வழக்கொழிந்தது. அரசர் ஒருவரின் ஆர்வத்தை ஊன்றுகோலாகக் கொண்டு நின்றமையால், ஊன்றுகோல் வீழ அதுவும் வீழ்ந்தது. எடோவின் கலையோ நகரமாந்தரின் பட்டறைகளிற் பரவி நின்றது. 1881இல் எமானுவேல் ஹௌப்ற்மன் என்னும் ஆங்கிலேயர் சினகாவாக் கண்ணாடித் தொழிற்சாலைக்கு ஆசிரியராக வரவழைக்கப்பட்டார். அவர்பாற் புதுமுறை கற்ற யப்பானியர் பின்னர்ப் பிறர்க்கும் கற்பித்தனர்.

பிறநாட்டாரிடம் கற்றதனாற் கலையின் தூய்மை கெட்டது என்பார் உளர். இதனை யாம் ஒப்போம். வெட்டும் முறை வெளியிலிருந்து வந்ததாயினும், வெட்டப்பட்ட சணலிலையும் மூங்கில்வேலியும் யப்பானியருடையனவே. கற்க நாணாத கை தன் மரபை இழப்பதில்லை. கற்பிக்க மறந்த கையே இழக்கின்றது.

புரவலர் வேண்டா என்பது எம் கருத்தன்று. நரியாக்கிரா இன்றேல் சற்சுமாக் கிண்ணமே இல்லை. ஆயினும், அறிவு பலர் கையிற் பரவுமுன் புரவலர் மறைவாராயின் நிகழ்வது யாதென்பதை அக்கிண்ணமே காட்டுகின்றது. எஞ்சிய பழங்கலங்களை ஆராய்ந்து, 1985இல் ககோசிமாவில் அக்கலை மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது. அவ்வெற்றி போற்றற்குரியது. எனினும், ஓர் ஆசிரியர் சின்னாளிற் காட்டிக்கொடுக்கக்கூடியதை உடைந்த கலத்தினிடம் கேட்டறிவதற்கு எத்துணை உழைப்பு வேண்டியிருந்தது!

எடோவின் கலையை யப்பானிய அரசு 2002இல் நாட்டின் மரபுக் கைவினையாக அறிவித்தது. பட்டயம் நன்று, ஆயின் பட்டயம் செதுக்குவதில்லை. அச்சில் வார்த்த மலிவுக் கிண்ணம் செதுக்கியதுபோல் நடிக்கும் இந்நாளில், விரலாற் கோட்டின் கூர்மையைத் தடவி வேறுபாடு அறியும் நுகர்வோரும், பல்லாண்டு பொறுத்துக் கற்கும் இளைஞரும் வேண்டும். இவ்விருவருள்ளும் இளைஞரே முதன்மையானவர் என்போம்.

கல்லூரி மலரொன்றில் இதனை எழுதுவதன் காரணமும் அதுவே. கட்டடமும் கொடையும் பட்டயமும் சிறந்தனவாயினும், ஆசிரியர் கையிலிருந்து மாணவர் கைக்குச் செல்வது எதுவோ அதுவே நிலைத்து வாழும்.