சோற்றைக் குறைக்குமுன் ஒரு சோதனை!



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் காதைக் கொடுத்துப் பாருங்கள். "எங்க வீட்டுக்காரரு சோத்தையே விட்டுட்டாருக்கா, பத்து கிலோ குறைஞ்சிட்டாரு" என்பாள் ஒருத்தி. "அய்யய்யோ, அது கிட்னிக்கு ஆகாதாம், லிவர் கெட்டுப் போயிடுமாம்" என்பாள் இன்னொருத்தி. இரண்டையும் கேட்டு, சமைக்கிற நமக்குத்தான் தலை சுற்றுகிறது. யார் சொல்வது சரி? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போமே.

மாவுச்சத்தைக் குறைக்கும் யோசனை புதியதல்ல. 1863-லேயே லண்டனில் வில்லியம் பாண்டிங் என்ற குண்டு மனிதர் ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரையை விட்டு இளைத்த கதையைச் சிறு புத்தகமாகப் போட்டார். அமெரிக்காவில் 1972-ல் டாக்டர் அட்கின்ஸ் எழுதிய புத்தகம் பிரபலமாயிற்று. நம் தமிழ்நாட்டில் நியாண்டர் செல்வன் எழுத்தின் மூலமும் ஃபேஸ்புக் குழுவின் மூலமும் 'பேலியோ' என்ற பெயரில் வீடு வீடாக நுழைந்துவிட்டது. காலையில் நூறு பாதாம், மத்தியானம் நாலு முட்டை அல்லது நெய்யில் வதக்கிய காய், ராத்திரி கறி அல்லது பன்னீர். அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை எதுவும் கிடையாது.

நம் பக்கத்தில் இதற்கு மவுசு வந்ததில் ஆச்சரியமில்லை. ஏர் ஓட்டி நாற்று நட்டவரை மூன்று வேளைச் சோறும் உடம்பில் கரைந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. பிறகு வரிசையாக எத்தனையோ கம்பெனிகள். வேலை மாறிவிட்டது, நம் வீட்டுத் தட்டு மாறவில்லை! நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வருகிறவருக்கு ஆறு இட்லியைப் போட்டுத் தூங்க அனுப்புகிறோம். தொப்பையும் சர்க்கரையும் வராமல் என்ன செய்யும்?

ஆகவே சோற்றைக் குறைப்பது நல்லதுதான். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2025-ல் சொன்னது. அதே ஆய்வுக் குழுவினர் 2022-ல், சர்க்கரை நோய் கட்டுக்குள் வர இதை 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவீதம் வரை உயர்த்தலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கவனித்தீர்களா? குறைக்கத்தான் சொன்னார்கள், அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை.

சரி, கிட்னி விஷயத்துக்கு வருவோம். நல்ல நிலையில் இருக்கும் சிறுநீரகத்தைக் கறியும் முட்டையும் கெடுத்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு அதிகப் புரதம் பெரிய சுமை. அந்தப் பழுது வெளியே தெரியாது என்பதுதான் ஆபத்து. பல வருஷச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டே இருக்கும். கால் வீங்கி, முகம் ஊதும்போது பாதி போயிருக்கும்.

எங்கள் தெருவில் நடந்ததைக் கேளுங்கள். மகன் டயட் இருந்து நன்றாக இளைத்தான். அதைப் பார்த்து, பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை உள்ள அவன் அம்மாவும் அதே சாப்பாடு கேட்டார்கள். மருமகளும் இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பில் ஆக்கிப் போட்டாள். நாலு மாசத்தில் அந்த அம்மாளுக்குக் கால் வீக்கம். பரிசோதித்தால் கிரியாட்டினின் 1.9! சொந்தக்காரர்கள் எல்லாரும் "மருமக போட்ட சாப்பாடுதான் கிட்னியைக் கெடுத்துச்சு" என்று பழியை அவள் தலையில் கட்டினார்கள். டாக்டர்தான், "இது நாலு மாசத்துல வந்ததில்லைம்மா, பழைய சர்க்கரை செஞ்ச வேலை. முதல்லயே ரத்தமும் யூரினும் பார்த்திருந்தா இந்தச் சாப்பாட்டை ஆரம்பிச்சிருக்க வேண்டாம்" என்றார். அவர் சொல்லியும் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் பேச்சு நிற்கவில்லை. சமைக்கிறவள் நாம் என்பதால் பழி வருவதும் நம்மிடம்தான். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு ஐம்பது கிராம் புரதம் போதும். சிறுநீரகம் ஓரளவு பழுதானவர்களுக்கு கிலோவுக்கு 0.8 கிராம், அதாவது 48 கிராம் என்று 2024-ல் வந்த உலக மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. நோய் முற்றும் அபாயம் உள்ளவர்கள் கிலோவுக்கு 1.3 கிராமைத் தாண்டவே கூடாது என்கிறது. பேலியோவில் நூறு பாதாமில் 25 கிராம், நாலு முட்டையில் 24 கிராம், எலும்பில்லாத கோழி கால் கிலோவில் ஐம்பது கிராம். நூறு ஆகிவிட்டதே! மகனுக்கு ஒத்துக்கொள்ளலாம், மாமியாருக்கு ஆகாது.

இன்னொன்று கல். பாதாமிலும் பசலைக்கீரை போன்ற கீரைகளிலும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். கல் வந்த உடம்பு என்றால் நூறு பாதாம் வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். கீரையை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துவிட்டுத் தயிரோடு சேர்த்துச் சாப்பிட்டால் ஆக்சலேட் உடம்பில் ஏறுவது குறையும். எலுமிச்சம்பழ ஜூஸும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர்! லைனில் நிற்கும் பெண்கள் பாத்ரூம் போகச் சங்கடப்பட்டுக்கொண்டு ஷிஃப்ட் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். ஆனால் டாக்டர் தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

கல்லீரல் கதை வேறு. அங்கே கொழுப்பு படிவதற்குப் பெரிய காரணமே மிதமிஞ்சிய சோறும் சர்க்கரையும் இனிப்புப் பானங்களும்தான். அவற்றைக் குறைத்தால் கல்லீரலுக்கு நல்லது. பின்னே பயம் எங்கே? ஒன்று, மளமளவென்று இளைத்தால் பித்தப்பையில் கல் வரலாம். மாசம் இரண்டு கிலோ, மூன்று கிலோ குறைந்தால் போதும். மற்றொன்று, டயட்டோடு சேர்த்து விழுங்கும் 'ஸ்லிம்' பவுடர், மாத்திரைகள். குடம்புளிச் சாறு, கிரீன் டீ சாறு அடைத்த மாத்திரைகளால் கல்லீரல் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. மீன் குழம்பில் நாலு துண்டு குடம்புளி போடுவதற்குப் பயப்படாதீர்கள். அதையே காய்ச்சி வடித்து மாத்திரையாக்கினால் சங்கதி வேறு. அதேபோல முட்டிவலிக்கு நாமே வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் கிட்னிக்குப் பகை.

மாத்திரை சாப்பிடும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று சோற்றை விட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி மயக்கம் வரும். கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவருக்கு அப்படி ஆனால் என்ன கதி? டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து. சர்க்கரை அளவு பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் 'வாயுத் தொல்லை' என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

பச்சை உடம்புக்காரிகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரசவத்தில் போட்ட சதையைக் குறைக்க ஆசை இருக்கும்தான். ஆனால் கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் இந்த டயட் வேண்டவே வேண்டாம். மாவுச்சத்தை அடியோடு குறைத்த பாலூட்டும் தாய் ஒருத்திக்கு, சர்க்கரை நோயே இல்லாதபோதும் ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டதை சுவீடன் மருத்துவர்கள் 2015-ல் எழுதியிருக்கிறார்கள். குழந்தை பால் மறந்தபின் பார்த்துக்கொள்ளலாம், அவசரமென்ன?

சரி, ஆரம்பிக்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும்? ரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கிரியாட்டினின், அதை வைத்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் திறன், கல்லீரலுக்கான பரிசோதனை. சிறுநீரில் ஆல்புமின். ரத்த அழுத்தமும் பாருங்கள். ஆல்புமினை மட்டும் விட்டுவிடாதீர்கள், கிரியாட்டினின் ஏறுமுன்பே அது காட்டிக் கொடுத்துவிடும். முந்தின ராத்திரி கறி விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் கிரியாட்டினின் கொஞ்சம் கூடக் காட்டும், அன்று கறி வேண்டாம். ஈ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் அங்கே கேளுங்கள், மற்றவர்கள் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். மூன்று மாசம் கழித்து மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் இரண்டாயிரம் கலோரிக்கு ஒரு தட்டு வகுத்துக் கொடுத்திருக்கிறது. சமைக்காத தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகள் 35 கிராம். நான் செய்வது இதுதான்: முதலில் தட்டில் பாதிக்குக் காய் கூட்டும் பொரியலும் வைத்துவிடுவேன். அப்புறம் பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மீனோ. மிச்சமுள்ள இடத்தில்தான் சோறு. இரண்டாவது தடவை சோற்றுக்குக் கை நீட்டினால் மோரை நீட்டுவேன். நைட் ஷிஃப்ட் போகிறவருக்கு வேகவைத்த முட்டை இரண்டும் ஒரு டப்பா சுண்டலும் கட்டிக் கொடுத்துவிட்டால் நடுராத்திரி பிஸ்கட், பப்ஸ் பக்கம் போக மாட்டார். செலவும் நூறு பாதாமில் பாதிகூட ஆகாது.

அடுப்பு ஒன்றுதான், உடம்பு ஆளுக்கொன்று. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட சீட்டை வாங்கி வந்து நம் வீட்டில் ஒட்டுமுன், நம் வீட்டு மனிதர்களின் ரத்தம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு யாராவது ஒரு சொல் சொன்னால், எடுத்துக் காட்டவும் உதவும்!