பழைய அம்பாசடருக்குப் புதிய மேனிஃபோல்டு தேவையா?

மயிலாப்பூரிலும் தி. நகரிலும் தகப்பனார் காலத்து அம்பாசடரை விற்க மனமின்றி வைத்திருக்கும் வணிகப் பெருமக்கள் நம்மிடையே உண்டு. "பெரிய இன்டேக் மேனிஃபோல்டு, இரட்டை கார்புரேட்டர் போட்டால் வண்டி பறக்கும்" என்ற பேச்சை நம்பிப் பணத்தை இறக்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

அதன் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போக இரண்டே வழிகள். கிடங்கு வாசல் குறுகலாக இருக்க, தெருவை மட்டும் அகலப்படுத்தி என்ன பயன்?

முதலில் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு உண்டா என்று பாருங்கள். ஐடிலிங் தடுமாற அதுவும் ஒரு காரணம். செலவோ சொற்பம்.

மாற்றியே தீருவோம் என்பவர்கள், கழற்றிய அசல் பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். 2014-இல் உற்பத்தி நின்ற வண்டி இது. கைமுதலைக் காப்பதும் லாபமே!