செல்ஃப் எடுக்கவில்லை!



நம் ஒர்க்‌ஷாப்பில் குறுக்காக அறுத்து, சிவப்பும் நீலமுமாகப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ரெக்கார்டு நோட்டில் படம் போட்டு, பாகம் குறித்து, கையெழுத்தும் வாங்கியிருப்பீர்கள். நானும் வாங்கினேன். ஆனால் அந்த மாடல் ஒருநாளும் கெட்டுப்போகாது. கெட்டுப்போகாத மெஷினை வைத்துக்கொண்டு ரிப்பேர் கற்க முடியுமா? முடியாது என்பது என் கட்சி. அதற்குக் காரணம் என் மாமாவின் டிராக்டர்.

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். குறுவை உழவு நேரம். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு மாதமாக வாய்க்கால் கரைச் சரிவில் நிறுத்தி, தள்ளித் தள்ளி ஓட்டியிருக்கிறார்கள். டவுன் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்து, "செல்ஃப் மோட்டாரே போச்சு, புதுசா போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமா என்னைப் பார்த்து, "மாப்ளே, நீதான் அந்தப் படிப்பு படிக்கிறியே, என்னான்னு பாரு" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பார்க்கவே இல்லை. "பேட்டரி வீக் மாமா" என்று அடித்துவிட்டேன்! எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். "படிச்ச புள்ள சொல்லுது" என்று மறுபேச்சில்லாமல் பேட்டரியைக் கழற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, சார்ஜ் போட எடுத்துக்கொண்டு போனார் மாமா. ஒரு நாள் உழவு போச்சு. மறுநாள் மாட்டித் திருப்பினால் அதே 'டக்'. அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகுதான் பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக் அண்ணனிடம் மல்டிமீட்டர் இரவல் வாங்கினேன். கியரை நியூட்ரலில் போட்டு, பிடிஓ-வையும் விலக்கிவிட்டு ஆரம்பித்தேன். பேட்டரி 12.6 வோல்ட். சாவியைத் திருப்பிப் பிடித்தபோதும் 12-ஐ ஒட்டியே நின்றது, ஹெட்லைட்டும் கொஞ்சம்தான் மங்கியது. இதிலேயே பாதி விஷயம் வந்துவிட்டது. மோட்டார் சுற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். அது இழுத்திருந்தால் வோல்ட் நன்றாக இறங்கி, லைட் செத்த மாதிரி ஆகியிருக்கும். ஆக, பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட் போகவே இல்லை.

எங்கே நிற்கிறது? சொலினாய்டின் சின்ன டெர்மினலில், சாவி திருப்பியதும் 12 வோல்ட் வருகிறது. அப்படியானால் சாவி, நியூட்ரல் சுவிட்ச், ஒயர் எல்லாம் சரி. பேட்டரி கேபிள் வரும் பெரிய போல்ட்டிலும் 12 இருக்கிறது. மோட்டார் பக்கத்துப் பெரிய போல்ட்டில் வைத்தால் ஒரு வோல்ட் கூட இல்லை! உள்ளே பிளஞ்சர் போய் இடிக்கிறது, அதுதான் அந்த 'டக்'. ஆனால் அது தள்ளும் செம்புத் தட்டு இரண்டு போல்ட்டையும் இணைக்கவில்லை. மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. போனது சொலினாய்டு மட்டும்.

(ஒரே 'டக்' இல்லாமல் 'டகடக'வென்று அடித்தால் கதை வேறு. பேட்டரி இறங்கியிருக்கலாம், டெர்மினல் லூசாக இருக்கலாம், அல்லது உள்ளே ஹோல்ட்-இன் சுற்று அறுந்திருக்கலாம். பேட்டரியில் தொடங்கிப் பாருங்கள்.)

மாற்றும் வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் பேட்டரி மைனஸைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறிதான். ஒயர்களுக்கு அடையாள நூல் கட்டி எடுத்தேன். ஸ்குரூ கழன்றதும் சொலினாய்டைக் கொஞ்சம் தூக்கிச் சாய்த்தால் பிளஞ்சர் கொக்கி ஃபோர்க்கிலிருந்து விடுபடும். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் கொக்கியும் நீளமும் ஒப்பிட்டுத்தான் புதியதை வாங்கினோம். பெரிய நட்டை முறுக்கும்போது செம்பு போல்ட்டும் சேர்ந்து சுற்றினால் மூடி விரிசல் விட்டுவிடும், ஜாக்கிரதை. மைனஸைக் கடைசியில் மாட்டினேன். சாவியைத் திருப்பினார் மாமா. எடுத்தது!

செலவு? மோட்டார் விலையில் கால்வாசிகூட இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதமும் சரிவு கிடைக்காத இடத்தில், தரையில் நின்றபடி ஸ்குரூ டிரைவரால் சொலினாய்டின் டெர்மினல்களை நேரடியாக இணைத்து ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். இது நம் ஊரில் பெரிய சாமர்த்தியமாகக் கருதப்படுகிறது! இப்படிச் செய்தால் நியூட்ரல் சுவிட்சுக்கு வேலையே இல்லை. கியரில் இருந்தாலும் எஞ்சின் சுற்றும், டீசல் பிடித்தால் வண்டி நகரும். ஸ்குரூ டிரைவர் பிடித்தவன் நிற்பதோ பின் சக்கரத்துக்கு முன்னால். கிளட்சை மிதிக்க மேலே ஆள் கிடையாது. மாமாவிடம் இதைச் சொன்னபோது முதலில் சிரித்தார். சக்கரத்துக்கு முன்னால் அவரையே நிற்க வைத்துக் காட்டிய பிறகு சிரிப்பு நின்றது.

ஆகவே நண்பர்களே, ஆசிரியர்களைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. சிலபஸில் இருப்பதை அவர்கள் நடத்துகிறார்கள். ஆனால் பேரவை நினைத்தால் ஒன்று செய்யலாம். விழாவுக்குச் சீரியல் செட் கட்டும் செலவில் கொஞ்சம் குறைத்து, காயலான் கடையில் எரிந்துபோன ஸ்டார்ட்டர்கள் நாலைந்து எடையில் வாங்கிப் போடட்டும். கூடவே இரண்டு மல்டிமீட்டர். ஒன்றில் பிரஷ் தேய்ந்திருக்கட்டும், ஒன்றில் சொலினாய்டு போயிருக்கட்டும். எதில் என்ன கோளாறு என்று சொல்லாமல் நம் கையில் கொடுக்கட்டும். தப்பாகச் சொல்லி அங்கே அசடு வழிந்தால் யாருக்கும் ஒரு நாள் உழவு போகாது.

மாமாவின் பழைய சொலினாய்டு இப்போது என் ஹாஸ்டல் பெட்டியில் இருக்கிறது. ஈயப் பற்றை உருக்கி மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். செம்புத் தட்டு ஒரு பக்கம் கருகி, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்து கிடக்கிறது. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்ற பேதமில்லை, பார்க்க விரும்புபவர்கள் ஸ்டடி டைமுக்கு முன்னால் வாருங்கள்.