மேற்கோள் எண்ணிக்கை மட்டும் போதுமா?

உலகின் முன்னணி 2 விழுக்காட்டு அறிவியலாளர் பட்டியல் ஆண்டுதோறும் வெளியாகிறது. அதில் இடம்பெற்றோரை நம் பல்கலைக்கழகங்கள் பெருமையோடு அறிவிக்கின்றன. காப்பாரில் என்னிடம் இயற்பியல் படிக்கும் எஸ்டிபிஎம் மாணவி கேட்டாள்: "சார், லேசர் துறையில் எச் குறியீடு அதிகமுள்ள பேராசிரியரிடம் சேர்ந்தால் போதும்தானே?"

இக்குறியீட்டை 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் முன்மொழிந்தார். ஒருவரின் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் குறியீடு 20. தொடர் உழைப்பை இது காட்டும். அந்த மேற்கோள்களில் எத்தனை அவரே தமக்குக் கொடுத்துக்கொண்டவை என்பதைக் காட்டாது.

1960இல் முதல் லேசரை இயக்கிய தியோடர் மைமனின் கட்டுரையை ஓர் ஆய்விதழ் நிராகரித்தது. பிறகு 'நேச்சர்' வெளியிட்டது. அந்த ஒரு கட்டுரையை எத்தனை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும், அது தரும் குறியீடு 1தான்.

1985இல் வெளிவந்த மற்றொரு லேசர் கட்டுரையில், பேராசிரியர் ஜெரார் மூருவுக்கு முன்பாக ஆய்வு மாணவி டோனா ஸ்டிரிக்லாண்டின் பெயர் இருந்தது. அந்தப் பணிக்காக 2018இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அதனால் அவளிடம் சொன்னேன்: "எண்ணைப் பார், தவறில்லை. கூடவே அவருடைய கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா என்றும் பார். நீ சேரப்போவது மாணவியாகத்தானே!"