பானையில் பெயர் எழுதிய பாட்டன்!
நொய்யல் கரையில் புதைந்து கிடந்த தொழில் நகரம்

அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் வாங்கினால், கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார். “பெயர் வெட்ட வேண்டுமா?” என்பதுதான் அது.

குடத்தின் கழுத்தில் பெயர் ஏறும். பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் பித்தளை அண்டாவிலும் பெயர் ஏறும். “இது எங்கள் வீட்டுப் பாத்திரம்” என்று சொல்ல அது ஓர் அடையாளம்.

இந்தப் பழக்கம் நேற்று வந்தது அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆற்றங்கரை மக்கள் தங்கள் மண் பானைகளில் பெயர் கீறி வைத்தார்கள். அந்த ஊரின் பெயர் கொடுமணல்!

எங்கே இருக்கிறது?

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. திருப்பூரில் இருந்து ஆற்றோடு கிழக்கே போனால், ஈரோடு மாவட்டத்தில், வடகரையில் கொடுமணல் இருக்கிறது. இன்று அது ஒரு சிற்றூர். அன்று அது பெரிய தொழில் நகரம்.

சங்க நூலான பதிற்றுப்பத்தில் “கொடுமணம்” என்ற ஊர் வருகிறது. கபிலரும் அரிசில்கிழாரும் அதைப் பாடியிருக்கிறார்கள். நல்ல அணிகலன்களுக்குப் பெயர் போன ஊர் அது. அந்த ஊர்தான் இந்தக் கொடுமணல் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

1985ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டினார்கள். பிறகு புதுவைப் பல்கலைக்கழகமும், தமிழ்நாடு தொல்லியல் துறையும் தோண்டின. கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்தது தெரிய வந்தது.

என்ன கிடைத்தது?

அரண்மனை கிடைக்கவில்லை. கிரீடம் கிடைக்கவில்லை. கிடைத்தவை எல்லாம் உழைப்பாளியின் பொருள்கள்!

இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. நடுவே பெரிய உலை, சுற்றிலும் சிறிய உலைகள். உருக்கு செய்ய உதவிய மண் குகைகளும் இருந்தன.

பளிங்கு, நீலக்கல், பெரில், சூதுபவளம் ஆகிய கற்களில் செய்த மணிகள் கிடைத்தன. முழுதாக முடிந்த மணி, பாதி தேய்த்த மணி, துளையிடும்போது உடைந்த மணி, எல்லாம் இருந்தன. அப்படியானால் மணிகள் வெளியூரில் இருந்து வந்தவை அல்ல, இங்கேயே செய்யப்பட்டவை! பெரில் கல், காங்கயம் அருகே உள்ள படியூரில் கிடைப்பது. சூதுபவளமோ குஜராத் பக்கத்தில் இருந்து வந்தது. கல் வெளியூர்ச் சரக்கு. கைவேலை நம் ஊருடையது.

ஒரு கல்லறையில் வெண்கலப் புலி ஒன்று கிடைத்தது. அதன் உடலில் வண்ணக் கற்கள் பதித்திருந்தார்கள். பட்டறையில் உலோகத்தோடு பழகியவர்களுக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும்.

நூல் நூற்கும் தக்ளியின் சுடுமண் வில்லைகளும் கிடைத்தன. பனியன் ஊர் மக்களே, கேட்டீர்களா? நொய்யல் கரையில் நூல் சுற்றியது நேற்று முதல் அல்ல!

மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகத்துக்கும், கிழக்கே சேரர்களின் கரூருக்கும் இந்தக் கரையோரமாகவே பாதை போயிற்று. நொய்யல் கரையில் உள்ள வெள்ளலூரில் ரோமாபுரி வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. பெரில் கல் பெரும்பாலும் இந்தியாவில் விளைகிறது என்று ரோமாபுரி அறிஞர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

எல்லாருக்கும் எழுத்து!

எல்லாவற்றிலும் பெரிய புதையல் பானை ஓடுதான். நூற்றுக்கணக்கான ஓடுகளில் பழைய தமிழ் எழுத்து இருக்கிறது. “கண்ணன் ஆதன்” என்பது போன்ற பெயர்கள் அவை. மன்னர் பெயர்கள் அல்ல. சாதாரண வீட்டுப் பெயர்கள். உலையும் மணியும் நூலும் நிறைந்த ஊரில், சோற்றுப் பானையிலும் எழுத்து இருந்தது.

“படிப்பு நமக்கு ஏன்? நாம் வேலைக்காரர்கள்” என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஓட்டைக் காட்ட வேண்டும். எழுதத் தெரிந்தவன் வேறு, உழைப்பவன் வேறு என்று அந்த ஊர் நினைக்கவில்லை.

ஓடு சோறு போடுமா?

“பழைய ஓடு சோறு போடுமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓடு சோறு போடாது. ஆனால் கைத்தொழிலுக்கு மதிப்புக் கொடுக்கும். பட்டறையில் கரி படிந்து நிற்பவனும், நூற்பு ஆலையில் இரவு வேலை பார்ப்பவளும், “எங்கள் தொழிலுக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது” என்று தலை நிமிர்ந்து சொல்லலாம் அல்லவா?

அதற்காக, “உலகிலேயே நாம்தான் முதல்” என்று அளக்கவும் வேண்டாம். உள்ளது உள்ளபடி சொன்னாலே போதும். பெருமை தானாக வரும்.

மதுரை அருகே வைகைக் கரையில், கீழடியில், 2023ஆம் ஆண்டு அருங்காட்சியகம் திறந்தார்கள். மக்கள் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்கள். கொடுமணல் பொருள்களுக்காக ஈரோடு மாவட்டத்தில் “நொய்யல் அருங்காட்சியகம்” அமைப்பதாக 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் கட்டிடம் மட்டும் போதாது.

அருங்காட்சியகத்துக்குப் பெயர் கொடுத்த ஆறு எப்படி இருக்கிறது? சாயக் கழிவு கலந்து நொய்யல் நாறியதை ஊர் அறியும். 2011ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. தொழில் தவித்தது, தொழிலாளியும் தவித்தான். ஆற்றைக் கெடுத்தால் தொழிலும் கெடும் என்பதுதான் அன்று கற்ற பாடம். அன்றைய உலைக்காரன் வாழ்ந்ததும் இதே தண்ணீரால்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் மணி மின்ன, வெளியே ஆறு கறுத்து ஓடினால் அது நமக்கு அழகா?

நாம் செய்ய வேண்டியது

வேலியும் வரப்பும் கட்டப் பழைய கல்லறைக் கற்களைப் பெயர்க்கக் கூடாது. உழும்போது காசோ நகையோ கிடைத்தால் உருக்கிவிடக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவருக்கு உள்ள உரிமையையும் அதே சட்டம் சொல்கிறது.

பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைக் கொடுமணலுக்கு அழைத்துப் போக வேண்டும். நொய்யலில் குப்பை கொட்டும் கைகள் நிற்க வேண்டும்.

கண்ணன் ஆதன் கீறிய எழுத்து இரண்டாயிரம் ஆண்டு நின்றது. நாம் குடத்தில் வெட்டும் பெயரும் நிற்கலாம். அந்தக் குடத்தில் மொள்ள, ஆற்றில் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும்!