அடித்தொகையும் ஆவணக் காப்பும்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் தீவுகளைத் தாக்கியபோது, உயிர்களோடும் உடைமைகளோடும் பத்திரங்களும் சான்றிதழ்களும் நீரில் போயின. இலங்கையிலிருந்து திரும்பி வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய தமிழருக்கு, ஒரு தாள் எத்தகைய செல்வம் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்று அத்தாள்களைப் படமெடுத்துக் கணினியில் சேர்த்து வைக்கிறோம். சென்னையிலிருந்து கடலடியாக வந்த ஒளியிழை வடம் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பின், தமிழகத்து உறவினருக்கு ஒரு படி அனுப்புவதும் எளிதாயிற்று.

ஆனால், வைத்தது வைத்தபடியே இருக்கிறது என்பதற்குச் சான்று யாது?

கடைக்கணக்கில் பக்கந்தோறும் அடித்தொகை இடுவது வழக்கம். மறுமுறை கூட்டும்போது தொகை மாறினால், எங்கோ எண் பிறழ்ந்துள்ளது என்று அறிகிறோம். கோப்புகளைக் காக்கும் மென்பொருளும் இவ்வாறே ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணித்து வைக்கிறது. அதைக் கணிக்கும் முறைகள் பல. நாம் ஒன்றும் சொல்லாவிடில் மென்பொருள் தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். நம்மில் பெரும்பாலோர் ஒன்றும் சொல்வதில்லை. ஆகையால் அத்தேர்வே நம் தேர்வாகி விடுகிறது.

பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்னும் சேமிப்பு அமைப்பு இயல்பாகக் கைக்கொள்வது 32 பிட் சி.ஆர்.சி. முறை. அது விரைவானது, வட்டின் தேய்வால் நேரும் பழுதைக் காட்டவல்லது. எனினும் அதில் அமையக்கூடிய தொகைகள் ஏறத்தாழ 429 கோடியே. ஒரு வரியில் பத்து ரூபாயைக் கூட்டி, மற்றொரு வரியில் பத்தைக் குறைத்தால் கடைக்கணக்கின் அடித்தொகை மாறாதன்றோ? அதுபோல, திட்டமிட்டுத் திருத்துவோன் இம்முறையை எளிதில் ஏமாற்றுவான்.

1991இல் ரொனால்டு ரிவெஸ்ட் வகுத்த எம்.டி.5 முறையும் 2004இல் தோற்றது. வெவ்வேறான இரு கோப்புகளுக்கு ஒரே எண் வரச் செய்து சீன அறிஞர் காட்டினர். 2017இல் ஷா-1 முறைக்கும் அக்கதியே நேர்ந்தது. ஷா-256 முறையை இதுவரை எவரும் அவ்வாறு வென்றதில்லை.

இது ஏட்டளவான வாதமன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின்படி, மின்னணு ஆவணத்தோடு இணைக்கும் சான்றிதழில் இவ்வெண்ணையும் அதைப் பெற்ற முறையையும் குறிக்க வேண்டும். படிவத்தில் எம்.டி.5, ஷா-1, ஷா-256 ஆகிய மூன்றின் பெயரும் உள்ளன. மூன்றும் ஒரே தரத்தன அல்ல.

ஆகவே, குடும்ப ஆவணங்களைக் காக்கும் மென்பொருளுக்கு ஷா-256 முறையே இயல்பான தேர்வாக இருத்தல் நன்று. கணிக்கச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம். சில நூறு பத்திரங்களுக்கு அது ஒரு பொருட்டன்று.

அன்பர்கள் இரண்டை மறவாதிருக்க வேண்டும். தொகை பழுதைக் காட்டுமேயன்றி அதனைச் சீர்செய்யாது. ஆகவே மற்றொரு படி வேறோர் ஊரில் இருக்கட்டும். கோப்பைத் திருத்துவோன் அருகிலுள்ள தொகையையும் திருத்தக்கூடும். ஆகவே அந்த 64 எழுத்துகளைத் தனியே ஒரு தாளில் குறித்து, நம்பத்தக்க உறவினரிடம் ஒப்படையுங்கள்.